பூனைக் காலில் நான் கட்டிய கயிறு

எங்கள் வீட்டுப் பூனைக்கு மூன்று கால்கள்தான். இடது முன்னங்கால் தோளுக்குக் கீழே இல்லை. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அந்தக் கால் எப்படிப் போனது என்று சொல்வார்கள். சார் வீட்டம்மா கோயில் கயிற்றைக் கொண்டுவந்து பூனைக்குக் கட்டினார், கயிறு இறுக்கிக் கால் அழுகிப்போனது, விழுப்புரத்துக்குக் கொண்டுபோய் எடுத்துவிட்டார்கள் என்பார்கள். அதில் ஒன்றுதான் தவறு. கயிற்றைக் கட்டியது அவள் அல்ல, நான்.

அவள் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. உயிரோடு இருந்தவரை இந்தப் பழியை அவள்தான் சுமந்தாள். அதை இறக்கி வைக்க எனக்கு எத்தனையோ சந்தர்ப்பங்கள் கிடைத்தன. ஒன்றைக்கூட நான் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கையிலோ காலிலோ இடுப்பிலோ கயிறு என்று எதையும் கட்டிக்கொண்டதில்லை. வகுப்பில் மாணவர்கள் மணிக்கட்டில் கயிற்றோடு வந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். என் மனைவி மயிலம் பக்கத்துக் கிராமத்துக்காரி. மல்லாட்டை என்று அவர்கள் சொல்லும் வேர்க்கடலையும் கேப்பையும் பயிர் போடும் குடும்பம். பத்தாவது வரை படித்தவள். மலைக்கோயிலுக்குக் கிருத்திகைதோறும் போய்வருவாள். என் கிண்டலை ஒரு காதில் வாங்கி, இன்னொரு காதில் விட்டுவிடாமல், தக்க நேரத்தில் திருப்பிக் கொடுப்பாள்.

பூனைக்குட்டி ஒரு மழைக்காலத்தில் வந்தது. வாசலில் மூடி நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டரின் உறைக்குள்ளிருந்து இரண்டு நாளாகச் சத்தம். அவள்தான் கண்டுபிடித்து எடுத்து வந்தாள். சாம்பல் நிற உடம்பு, கால்களில் வளையம் போட்ட மாதிரி கருப்புக் கோடுகள். எனக்கு விருப்பமில்லை என்றுதான் சொன்னேன். ஆனால் அது நான் செய்தித்தாளை விரித்தால் சரியாக நான் படிக்கும் பத்தியின்மேல் வந்து உட்காரும். பையன் வெளிநாட்டில் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் என்னைத் தொந்தரவு செய்ய யாரும் இல்லாமல் இருந்தது. அதனால் சீக்கிரமே பழகிவிட்டேன்.

அந்த நாட்களில்தான் நான் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். பெரிய அடி இல்லை. ஆனால் அவள் பயந்துவிட்டாள். அடுத்த கிருத்திகைக்கு மயிலம் போனவள் இரண்டு கருப்புக் கயிறுகளோடு திரும்பினாள். ஒன்றைத் தன் கணுக்காலில் கட்டிக்கொண்டாள். இன்னொன்றை என்னிடம் நீட்டினாள்.

"வேணாம்னு சொல்லாதீங்க. எனக்காவ ஒரு தபா கட்டிக்கோங்க."

"நான் கட்டிக்கினா என் ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் சிரிப்பாங்க."

"அவங்கெல்லாம் இப்ப பேரன் பேத்தி எடுத்துட்டாங்க. உங்க கணுக்கால பாக்கறதுதான் அவங்களுக்கு வேலையா?"

அப்போது பூனைக்குட்டி என் மடியில் இருந்தது. எனக்கு ஒரு விளையாட்டுத் தோன்றியது. "இந்தா, உன் பிள்ளைக்கே கட்டிடறேன். தெருவுல எனக்கு இருக்கறதவிட இவனுக்குத்தான் எதிரிங்க அதிகம்" என்று சொல்லிக்கொண்டே, எனக்காக வேண்டிக்கொண்டு வாங்கி வந்த கயிற்றை அதன் முன்னங்காலில் சுற்றினேன். பாதத்துக்கு மேலே, மணிக்கட்டு மாதிரி இருக்கும் இடத்தில். குட்டி நழுவப் பார்த்ததால் இறுக்கியே முடிச்சுப் போட்டேன். நைலான் கயிறு. முனை பிரியாமல் இருக்க எல்லாரும் செய்வதுபோல, விரலை இடையில் கொடுத்துத் தீக்குச்சியால் முனையைக் கருக்கினேன். உருகிய முனை முடிச்சோடு சேர்ந்து ஒரு சிறு மணியாக இறுகியது. என் விரல் கொஞ்சம் சுட்டது. அதற்கும் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "சாமி கயித்துல இன்னாங்க வெளையாட்டு?" என்றாள். பிறகு, கோபத்தைக் கொஞ்சம் விழுங்கிக்கொண்டு, "சாமிய வுடுங்க. அது வளர்ற கால். இன்னும் கொஞ்ச நாள்ல இறுக்கும். உங்க பிசிக்ஸ்ல அதெல்லாம் வராதா?" என்றாள்.

"வரும், வரும். ரெண்டு நாள் அழகு பாத்துட்டு அவுத்துடறேன்."

சில நாட்கள் கழித்து அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "பூனைக்குக் கயிற அவுத்துட்டீங்களா?"

நான் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவுத்துட்டேன்" என்றேன். ஆட்டம் முடிந்ததும் அவிழ்த்துவிடுவது என்றுதான் எண்ணம். பூனை அப்போது வீட்டில் இல்லை. ஆட்டம் முடிந்தது. அது எனக்கு மறந்துபோனது. மறந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வாயால் சொன்னதை மனமும் எழுதி வைத்துக்கொண்டது போலிருக்கிறது. அவிழ்த்தாகிவிட்டது என்றே நானும் நம்பிவிட்டேன். கருப்புக் கயிறு கருப்புக் கோட்டின்மேல் படிந்து, மயிருக்குள் போய்விட்டது. அவளுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கத் தொடங்கியிருந்த காலம். நான் சொன்ன பிறகு அவள் தேடிப் பார்க்கவும் இல்லை.

கோடை தொடங்கும்போது பூனை நன்றாக வளர்ந்துவிட்டது. அப்போதுதான் நொண்ட ஆரம்பித்தது. இடது முன்னங்காலைக் கீழே வைக்கும், உடனே தூக்கும். உட்கார்ந்த இடத்தில் ஓயாமல் அந்தப் பாதத்தையே நக்கும். நான் கைப்பேசியில் தேடிப் படித்தேன். பூனையின் பாதத்தில் என்னவெல்லாம் கோளாறு வரும் என்று அதில் இருந்தது. முள் ஏறலாம், நகம் உடையலாம், நகம் வளைந்து சதைக்குள் போகலாம், சூடான சிமென்ட்டில் நடந்து அடிப்பாதம் வெந்து போகலாம், தேனீ கொட்டலாம். ஆய்வுக்கூடத்தில் மாணவனுக்குச் செய்து காட்டுவதைப்போல ஒவ்வொன்றாகச் சோதித்தேன். டார்ச் அடித்து விரல் இடுக்குகளைப் பார்த்தேன். ஒவ்வொரு நகத்தையும் அழுத்தி வெளியே கொண்டுவந்து பார்த்தேன். அடிப்பாதத்தின் மெத்தைகளைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பாதத்தைத்தான் பார்த்தேன். பாதத்துக்கு மேலே பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

தேனீதான் கொட்டியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவினேன். அது நக்கி எடுத்துவிட்டது. பாதம் வீங்கியது. பேக்கரி பன் மாதிரி உருண்டு, விரல்கள் பிரிந்து நின்றன. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தேன். கடித்துவிட்டு ஓடியது.

அன்று அவள் கேட்டாள். "ஏங்க, அந்தக் கயிறு எதனா..."

"அதான் அப்பவே அவுத்துட்டேனே. எத்தன தபா சொல்றது?" என்று எரிந்து விழுந்தேன்.

அந்த நேரத்தில் நான் எரிந்து விழாமல், குனிந்து அந்தக் காலை ஒருமுறை மேல்வரை தடவியிருந்தால் போதும். இதை நானாக யூகித்துச் சொல்லவில்லை. பின்னால் டாக்டர் சொன்னது.

அடுத்த சில நாட்களில் பூனை சாப்பிடுவதை நிறுத்தியது. அது படுத்த இடத்தில் ஒரு வாடை வந்தது. திண்டிவனத்தில் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப்போனோம். டாக்டர் அன்று முகாமுக்குப் போயிருந்தார். தாமதிக்காமல் விழுப்புரத்துக்குக் கொண்டுபோங்கள் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். காய்கறிக் கூடையில் பழைய புடவையை விரித்துப் பூனையை வைத்து, மேலே துண்டைக் கட்டி, விழுப்புரம் பஸ் ஏறினோம். கூடையை அவள்தான் மடியில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்து இருக்கையில் மரக்காணம் பக்கத்துக் கருவாட்டுக்கார அம்மா ஒருவர் இருந்தார். பூனை கூடைக்குள்ளிருந்து கத்தவும் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தாயி, கைக்கொழந்த கணக்கா மடியில வெச்சிக்கினு போற? பொண்ணு பாக்கவா?"

"கால்ல அடி அக்கா. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு."

"அடியா? நான் என் கூடைய பாத்துட்டுதான் கத்துதுன்னு நெனச்சேன்." அவர் கண்டக்டரைக் கூப்பிட்டார். "யோவ் கண்டக்டரு, என் கருவாட்டுக்கு லக்கேஜ் போட்டியே, இந்தப் பூனைக்குப் போட்டியா?"

"அது நடக்கற ஐட்டம்மா. உன்னுது படுத்த ஐட்டம்" என்றார் கண்டக்டர். பஸ்ஸில் முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கருவாட்டுக்கார அம்மா தன் கூடையிலிருந்து ஒரு சின்ன நெத்திலிக் கருவாட்டை எடுத்துத் துண்டின் இடுக்கு வழியாக உள்ளே போட்டார். "துன்னட்டும். என் பேர சொல்லி துன்னட்டும்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பூனை மோந்துகூடப் பார்க்கவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. "கருவாட தொடலன்னா அதுக்கு ரொம்ப முடியல தாயி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, விக்கிரவாண்டியில் இறங்கும்வரை என் மனைவியின் முழங்கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

விழுப்புரத்தில் கால்நடை மருத்துவமனையில் ஆடுகளும் மாடுகளும் காத்திருந்தன. எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். காலைப் பார்த்ததும் மயிரை மழித்தெடுக்கும் கருவியை எடுத்தார். பாதத்துக்கு மேலே மயிர் விழ விழ, தோலில் ஒரு வெட்டுப் பள்ளம் தெரிந்தது. பள்ளத்துக்குள் இடுக்கியை விட்டு எதையோ தூக்கிக் கத்தரித்தார். சீழோடு அது வெளியே வந்தது. அதன் ஒரு முனையில் கருகி இறுகிய சிறு மணி. என் விரலில் சுட்ட அந்த இடம் அப்போது மறுபடியும் சுட்டதுபோல் இருந்தது.

டாக்டர் அதை வெள்ளைத் தட்டில் போட்டார். குனிந்தவர் என் மனைவியின் கணுக்காலைப் பார்த்தார்.

"அதே கயிறுதானேம்மா இது?"

"அதே கயிறுதாம்மா" என்றாள் அவள்.

"பூனைக்கெல்லாமா கட்டுவாங்க? அது வாயில்லாத ஜீவன். வலிக்குதுன்னு உங்ககிட்ட வந்து சொல்லுமா?" அவர் குரலில் கோபத்தைவிட வேதனைதான் இருந்தது. என் பக்கம் திரும்பினார். "சார், உங்களப் பாத்தா படிச்சவர் மாதிரி தெரியுது. நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?"

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"சொன்னா கேக்கணுமே."

அவ்வளவுதான். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் தானாகச் சொன்னது. ஒரு படித்தவனைப் பார்த்து இன்னொரு படித்தவர் கேட்டார், அவர் எதிர்பார்த்த பதிலைக் கொடுத்தேன். அந்த மேஜையின் ஒரு பக்கம் நானும் டாக்டரும். மறுபக்கம் கயிறு கட்டிய அவள்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். அதிர்ச்சியோ கோபமோ அந்தப் பார்வையில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. வண்டி கிளம்பிவிட்டதா என்று பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு டாக்டரிடம் திரும்பி, "தெரியாம கட்டிட்டம்மா. கால் பொழைக்குமா?" என்றாள்.

பிழைக்காது என்றார் டாக்டர். பாதம் சில்லிட்டுக் கறுத்துவிட்டது, ரத்தம் போகவில்லை, எலும்புவரை போய்விட்டது. பாதத்தை மட்டும் எடுத்தால் மிச்சக் காலைத் தரையில் ஊன்றி ஊன்றிப் புண்ணாக்கிக்கொள்ளும், அதனால் மேலேயே எடுக்க வேண்டும். கொஞ்ச நாள் முன்னால் வந்திருந்தால் கயிற்றை வெட்டிவிட்டு மருந்து போட்டு அனுப்பியிருப்பேன் என்றார். வீக்கம் கண்டதுமே கயிறு இருக்கிறதா என்று பார்த்திருந்தால் போதும் என்றார். இதையெல்லாம் அவர் அவளைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

ஆபரேஷன் நடந்தபோது வெளியே புங்கமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். வெறும் கூடை அவள் மடியிலேயே இருந்தது. அடியில் அந்த நெத்திலி கிடந்தது. அவள் அதை எடுத்துத் தூரப் போட்டாள். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ஒரு ஆட்டுக்காரர் அவளிடம் பேச்சுக் கொடுத்தார், பூனைக்கு என்ன என்று. "நான் கயிறு கட்டிட்டேன்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. 'நான்' என்று வாய்விட்டு அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்று சாயந்திரம், மயக்கம் தெளியாத பூனையோடு விழுப்புரம் பஸ் நிலையத்தில் நிற்கும்போது நான் கேட்டேன். "நீ ஏன் நீ கட்டுனதா சொன்ன?"

"நீங்க அப்படி சொன்னதுக்கப்புறம் நான் வேற இன்னாங்க சொல்றது? டாக்டரம்மா முன்னாடி ஒங்கள பொய்யின்னு ஆக்கவா?" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பஸ்ஸு வந்துட்ச்சி. கூடைய பாத்து ஏறுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் அந்தப் பேச்சே வரவில்லை. அவள் எடுக்கவில்லை என்பது உண்மை. எடுக்க வேண்டியவன் நான்.

வீடு வந்ததும் தன் காலில் இருந்த கயிற்றைக் கத்தரித்துப் போட்டாள். மயிலத்துக்கு மட்டும் போய்வந்தாள், கயிறு வாங்குவதில்லை. அவள் கணுக்கால் வெறுமையானதைத் தெருப் பெண்கள் கவனித்தார்கள். பாவம், பூனைக்கு அப்படி ஆனதிலிருந்து கட்டுவதில்லை என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டபோது, அவள் செய்த குற்றத்துக்கு அதுவே சாட்சி மாதிரி ஆகிவிட்டது.

பையன் கைப்பேசியில் அழைத்தபோதும் அவள் அப்படித்தான் சொன்னாள். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பிராணிகள் என்றால் உயிர். வீடியோவில் மழித்த தோளையும் தையலையும் பார்த்ததும் அவனால் தாங்க முடியவில்லை. "ஏம்மா, ஒனக்கு அறிவே இல்லியா? இந்தக் காலத்துல போய்... பூனைக்குப் போய்... அப்பா எவ்ளோ சொல்லியிருப்பாரு, கேட்டியா நீ?" அவன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அவள், "இல்லடா கண்ணு, தெரியாம ஆயிடுச்சுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் எதிர் நாற்காலியில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அதை மடிக்கக்கூட இல்லை.

பூனை மூன்று காலில் நடக்கக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொள்ளும் வரை அது விழுந்ததையெல்லாம் பார்த்தோம். கழித்ததை மூட, இல்லாத காலால் மண்ணைத் தள்ளப் பார்க்கும். தோள் மட்டும் அசையும். அதைப் பார்த்தால் அவள் எழுந்து போய், தன் கையால் மண்ணைத் தள்ளிவிடுவாள்.

உடம்பின் முன்பக்கப் பாரம் முழுவதும் ஒரே பாதத்தில் விழுந்ததால் அந்தப் பாதத்துக்கும் கஷ்டம் வந்தது. அடிமெத்தை காய்த்து, விளிம்பில் வெடித்தது. ஒரு காலை ஊன்றி இன்னொரு காலால் பிராண்டும் வழி இல்லாததால் அதன் நகங்கள் தேயவில்லை. அவள் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். புதன்கிழமை தோறும் (வெள்ளி செவ்வாயில் நகம் வெட்ட மாட்டாள்) கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, பூனையை மடியில் மல்லாத்தி, விரலை அழுத்தி நகத்தை வெளியே எடுத்து, நுனியில் வெள்ளையாக இருக்கும் பகுதியை மட்டும் வெட்டுவாள். உள்ளே சிவப்பாகத் தெரியும் இடத்துக்குக் கிட்டவே போகமாட்டாள். மேலே கட்டைவிரல் மாதிரி தனியாக இருக்கும் நகத்தைக் கடைசியில் வெட்டுவாள். பிறகு துளி எண்ணெய் தொட்டு மெத்தையில் தடவி, அது நக்காமல் இருக்கக் கொஞ்ச நேரம் பாதத்தைத் தன் உள்ளங்கையில் மூடி வைத்திருப்பாள். பார்வை மங்கியவள் இதையெல்லாம் செய்தாள். நல்ல பார்வையுள்ள நான் தள்ளி நின்றேன். பூனை என் மடிக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டது. அந்த மஞ்சளும் ஐஸும் அதற்கு மறக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் அவள் நெஞ்சுவலியில் போனாள். வலி வந்ததற்கும் போனதற்கும் நடுவில் ஒரு பகல் மட்டும்தான் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அன்றைக்கு அவள் பக்கத்தில் தனியாக இருக்கும் நேரம் எனக்குக் கிடைத்தது. அவள் விழிப்பாகத்தான் இருந்தாள். நான் பையன் எப்போது வந்து சேர்வான் என்பதைப் பற்றிப் பேசினேன். விமானம் எங்கே மாறுகிறது என்று விளக்கிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

காரியத்துக்கு வந்த இடத்தில் பெண்கள் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாவுக்கும் அவளுக்கும் இருபது வருஷப் பழக்கம். அழுதுகொண்டே இருந்தவர் பூனையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "வெகுளிங்க அது. சாமி மேல அம்மாம் பக்தி. சாருக்கு ஒண்ணு, தனக்கு ஒண்ணுன்னு வாங்கியாந்து, சார் வேணாம்னுட்டாருன்னு பூனைக்குக் கட்டுச்சே, எங்கயாவது உண்டா?" எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பையனும் லேசாகச் சிரித்தான். நான் தண்ணீர் சொம்பை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன்.

அவள் போன பிறகு அந்த ஒற்றைப் பாதத்தை யாரும் கவனிக்கவில்லை. யாரும் என்றால் நான்தான். இந்தக் கோடையில் பூனை நொண்டியது. மூன்று காலில் நடக்கும் பூனை நொண்டினால் அதற்கு நடையே இல்லை. இந்த முறை நான் காத்திருக்கவில்லை. அன்றைக்கே டார்ச்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், பாதத்தில் தொடங்கித் தோள்வரை தடவினேன். என் கையைக் கிழித்தது. விடவில்லை. அந்தத் தனி நகம் அரைவட்டமாக வளைந்து தன் சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது.

விழுப்புரத்துக்குத் தனியாகப் போனேன். அந்தப் பெண் டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். இருந்தவர் நகத்தை வெட்டி உருவி எடுத்து, புண்ணைக் கழுவினார். மாதத்துக்கு ஒருமுறையாவது வெட்டிவிட வேண்டும் என்றார். பிறகு தோளைத் தடவிப் பார்த்து, "இது எப்படி சார் போச்சு?" என்று கேட்டார்.

"கயிறு இறுக்கி. நான்தான் கட்டுனேன்" என்றேன்.

வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. "ஓ" என்றார் அவர். "அந்தப் பக்கம் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க சார், மருந்து எரியும்." அவருக்கு அது ஒரு விவரம். அவ்வளவு சுலபமாக இருந்தது. இத்தனை வருஷம் எது என் வாயைப் பிடித்திருந்தது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அவளைத் தெரியாதவர்களிடம் சொல்வதில் பயன் இல்லை, தெரிந்தவர்களிடம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

வந்ததும் எதிர்வீட்டு அம்மாவிடம் போனேன். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தீக்குச்சியைச் சொன்னேன். அவிழ்த்துவிட்டேன் என்று பொய் சொன்னதைச் சொன்னேன். டாக்டரிடம் நான் பேசியதையும் சொன்னேன்.

அவர் கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கண் கலங்கியது.

"போங்க சார். செத்தவங்க மேல பழி வரக்கூடாதுன்னு நீங்க எடுத்துக்கிறீங்க. எனக்குத் தெரியாதா? அது என்கிட்டயே எத்தன தபா சொல்லி அழுதிருக்குது."

"இல்லம்மா, நெசமாவே நான்தான்..."

"நீங்க நல்ல மனுஷன் சார். அதுக்குக் குடுப்பின."

அன்று மாலையே தெருவில் செய்தி பரவியது. மனைவி செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லும் மனுஷன் என்று இப்போது என்னைப் பற்றிச் சொல்கிறார்கள். கடையில் எனக்கு முன்னால் நின்றவர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் பேரைத் துடைக்கப் போய், அவள்மேல் இருந்த கறையை இன்னும் ஆழமாக்கிவிட்டு, எனக்கு ஒரு நல்ல பேரையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது பையன் ஒருவன்தான். அவனிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். வீடியோவை அணைத்துவிட்டுப் பேசச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அவன் நம்பிவிட்டான்.

"அப்பா" என்றான். "அன்னிக்கு நான் அம்மாவ அறிவில்லியான்னு கேட்டேன்பா. நீ அங்கதான இருந்த?"

"இருந்தேன்" என்றேன்.

அவன் அழுவது கேட்டது. நாற்பது வயதைத் தாண்டியவன் அழுகையை அடக்கத் தெரியாமல் அழுதான். அவளிடமிருந்து இறக்கி என் தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் நினைத்த பாரத்தில் பாதியை அவன் தலையில் வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க அவனுக்கும் இனி ஆள் இல்லை.

பிறகு அவன் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. புதன்கிழமைகளில் பூனையின் நகத்தை வெட்டுகிறேன். அது அடங்கி இருப்பதில்லை. துண்டில் சுற்றித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் தடவிய பிறகு பாதத்தை உள்ளங்கையில் மூடி வைக்கப் பார்க்கிறேன். உருவிக்கொண்டு இறங்கி, கொஞ்ச தூரம் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து, நான் தொட்ட இடத்தை நக்கித் துடைக்கிறது.